மண் வீடா, மாடி வீடா? இது வெட்டிச் சண்டைங்க

"நம்ம முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. அவங்க கட்டின மண் வீடு பூகம்பமே வந்தாலும் அசையாது. கான்கிரீட் வந்துதான் எல்லாம் கெட்டுப் போச்சு."

இந்த வசனம் இந்த மாசத்துல மட்டும் மூணு பேர்கிட்டேருந்து வந்துடுச்சு. ரெண்டு பேர் வாட்ஸப்புல. மூணாமவர் நம்ம சக பதிவர். சென்னையில ஏழாவது மாடியில குடியிருந்துக்கிட்டு மண் வீட்டு மகிமையை உருகி உருகி எழுதியிருந்தார். திண்ணை, தூண், முற்றம்னு படம் வேற. பின்னூட்டத்துல எல்லாரும் "அருமை தலைவா", "ஊர் ஞாபகம் வந்துடுச்சு"ன்னு கும்மி அடிச்சிருந்தாங்க. எனக்கு மட்டும் பத்திக்கிட்டு வந்துச்சு.

காரணம் இருக்கு. நான் அந்த மாதிரி வீட்டுல பொறந்து வளர்ந்தவன். உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்துல, ஊரைத் தாண்டி கொல்லையிலேயே வீடு. அப்பாவும் அம்மாவும் இன்னைக்கும் அங்கதான் இருக்காங்க. அதனால எனக்கு இது ரசனை சமாச்சாரம் இல்லை. அவங்க தலைக்கு மேல நிக்கிற உத்தரத்தைப் பத்தின சமாச்சாரம்.

வீட்டைப் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன். ஒண்ணரை அடி கனத்துல மண் சுவர். மேல பனை உத்தரம், நாட்டு ஓடு. நடு அறையில பரண். அதுல உளுந்து மூட்டை, விதைக்கு எடுத்து வெச்ச மல்லாட்டை, தாத்தா காலத்து பித்தளை அண்டா. ஒரு பக்கம் மாட்டுக் கொட்டகை, இன்னொரு பக்கம் மோட்டார் கொட்டகை. வெயில் காலத்துல உள்ள படுத்தா ஏசி தோத்துடும், அதுல மாற்றுக் கருத்து கிடையாது.

2001 செப்டம்பர் 25, செவ்வாய்க்கிழமை, ராத்திரி எட்டரை மணி வாக்குல பாண்டிச்சேரிக்கு கிழக்கே கடலுக்குள்ள ஒரு பூகம்பம். அளவு 5.5. சென்னையில ஜனங்க மாடியிலேருந்து இறங்கி ரோட்டுக்கு ஓடினது அன்னைக்குத்தான். எங்க வீட்டுல அப்போ எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பரண்ல இருந்த அண்டா 'கடகட'ன்னுச்சு. ஹைவேஸ்ல லாரி போகுதுன்னு அப்பா சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஓடு ரெண்டு சரிஞ்சு வாசல்ல விழுந்துச்சு. மாடு கத்துச்சு. அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கிட்டு களத்துக்கு ஓடினாங்க. ஆயா மட்டும் நகரவே இல்லை. "பூமாதேவி பொரண்டு படுக்கறா, நீங்க ஏண்டா ஓடறீங்க"ன்னு சோத்துத் தட்டோடவே உட்கார்ந்திருந்தாங்க. அன்னைக்கு ராத்திரி களத்துலதான் படுத்தோம். காலையில பார்த்தா வாசக்காலுக்கு மேல மூலையில மயிரிழை கனத்துல ஒரு விரிசல். அவ்வளவுதான்.

அடுத்த நாளே ஊர்ல பேச்சு ஆரம்பிச்சிடுச்சு. "பார்த்தியா, பூகம்பத்துக்கே நின்ன வீடு!" இன்னைக்கு வரைக்கும் எங்க சித்தப்பா அந்த வீட்டைப் பத்தி இப்படித்தான் பேசுவார். வாட்ஸப் வசனத்தோட மூலக்கதையும் இதுதான். யார் வீடோ எப்பவோ ஒரு சின்ன ஆட்டத்துக்கு நின்னிருக்கும். அதை சான்றிதழா மாத்திடறாங்க.

ஐயா, அது சான்றிதழ் இல்லை. எங்க வீடு பூகம்பம் நடந்த இடத்துலேருந்து நூறு கிலோமீட்டர் சுமாருக்கு தள்ளி இருந்துச்சு. அளவும் 5.5தான். வீடு நின்னதுல வீட்டோட பெருமை கம்மி, தூரத்தோட பெருமை ஜாஸ்தி.

கிட்டத்துல நடந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சிக்க மகாராஷ்டிராவுல லாத்தூர் மாவட்டத்து கில்லாரியைப் பாருங்க. 1993 செப்டம்பர் 30, விடியக்காலம் நாலு மணிக்கு கொஞ்சம் முன்னாடி. முந்தின நாள் பிள்ளையாரைக் கரைச்சிட்டு அசந்து தூங்கின ஜனங்க. அளவு 6.2. கேட்க 5.5க்கும் 6.2க்கும் பெரிய வித்தியாசம் இல்லாத மாதிரி இருக்கும். வெளிவர்ற சக்தியில பத்து மடங்குக்கு மேல வித்தியாசம். சுமார் பத்தாயிரம் பேர் செத்தாங்க. எல்லாம் விவசாயக் குடும்பங்க. கொன்னது கான்கிரீட்டா? இல்லை. மண்ணைச் சாந்தா வெச்சு அடுக்கின கனமான கல் சுவரும், மரப் பலகை மேல ஒரு அடிக்கு மேல மண்ணைக் கொட்டின கூரையும். வெயிலுக்கு அருமையான வீடு. கில்லாரிக்காரங்களுக்கும் முன்னோர்கள் இருந்தாங்க. அவங்களும் முட்டாள்கள் இல்லை. அவங்க வெயிலுக்கு வீடு கட்டினாங்க, பூகம்பத்துக்கு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஒரு கணக்கு போடலாம் வாங்க. கூரையில ஒரு அடி மண்ணுன்னா சதுர அடிக்கு நாற்பத்தஞ்சு, ஐம்பது கிலோ வரும். பத்துக்கு பன்னெண்டு அறைன்னா மேல அஞ்சரை டன்னுக்கு மேல தொங்குது. அதே அறைக்கு நாலரை அங்குல கான்கிரீட் தளம் போட்டா கிட்டத்தட்ட பாதிதான். 'இயற்கை'ன்னு பேர் வெச்சிட்டா எடை குறைஞ்சிடாது.

"அப்ப மாடி வீடுதான் பாதுகாப்புன்னு சொல்ல வர்றியா?"ன்னு மீசையை முறுக்கிக்கிட்டு வராதீங்க. அங்கேயும் வர்றேன்.

2001 ஜனவரி 26, குஜராத் பூஜ் பூகம்பம். அளவு 7.7. மையத்துலேருந்து 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்குற அகமதாபாத்துல அடுக்குமாடிக் கட்டடங்க சரிஞ்சு விழுந்துச்சு. கார் நிறுத்தறதுக்காக கீழ்த்தளத்தை வெறும் தூண்ல விட்டுட்டு மேல மேல அடுக்கினது அதுல நிறைய. அதே சமயம் கட்ச் பகுதியில 'பூங்கா'ன்னு ஒரு வட்ட வீடு உண்டு (நம்ம பூங்கா இல்லைங்க, அவங்க ஊர்ப் பேரு). வட்டமான மண் சுவர், மேல கூம்பா லேசான புல் கூரை. அதுல நிறைய வீடு நின்னுச்சு.

ஆக, கில்லாரியில மண் சாந்து வீடு கொன்னுச்சு, கட்ச்ல மண் வீடு காப்பாத்துச்சு, அகமதாபாத்துல கான்கிரீட் கொன்னுச்சு. இப்ப சொல்லுங்க, மண்ணா கான்கிரீட்டாங்கிற சண்டைக்கு என்ன அர்த்தம்? கேட்க வேண்டிய கேள்வி ரெண்டே ரெண்டு. தலைக்கு மேல எவ்வளவு கனம் இருக்கு? நாலு சுவரும் ஒண்ணோட ஒண்ணு கட்டிப் போட்டிருக்கா?

ரெண்டாவது கேள்விதான் முக்கியம். மாட்டு வண்டிச் சக்கரம் பார்த்திருப்பீங்க. மரத்துண்டுகளைச் சேர்த்து வெச்சு, சுத்தி இரும்புப் பட்டா இறக்குவாங்க. பட்டா இல்லைன்னா முதல் பள்ளத்துலயே சக்கரம் பிரிஞ்சிடும். வீட்டுக்கும் அதேதான். தரை ஆடும்போது ஒவ்வொரு சுவரும் தனித்தனியா, வெவ்வேற பக்கம் ஆடும். முதல்ல மூலை பிளக்கும், அப்புறம் சுவர் வெளிப்பக்கம் சாயும், அப்புறம் கூரை உள்ள இறங்கும். சுத்தி ஒரு பட்டா இருந்தா நாலு சுவரும் பெட்டி மாதிரி சேர்ந்து ஆடும். எங்க வாசக்கால் மூலையில வந்த விரிசல், பட்டா இல்லைங்கிறதுக்கு வீடே கொடுத்த நோட்டீஸ்.

இது ரகசியமும் இல்லை. மண் வீட்டுக்கு ஐ.எஸ். 13827, மண் சாந்துல கட்டின கல், செங்கல் வீடு மாதிரியான பலம் குறைஞ்ச சுவருக்கு ஐ.எஸ். 13828ன்னு ரெண்டு வழிகாட்டி இருக்கு. ரெண்டும் 1993லேயே வந்தது. அதாவது கில்லாரி நடந்த அதே வருஷம். ஜன்னலை மூலைக்கு ஒட்டி வைக்காதே, கல் சுவர்ல ரெண்டு பக்கமும் தொடுற மாதிரி முழுக்கல்லை இடையிடையே வை, சுவரைச் சுத்தி பட்டா போடு. கொத்தனாருக்கு ஒரு நாள்ல சொல்லிக் கொடுக்குற சங்கதிங்க.

ஆனா எங்க பக்கம் கொத்தனார் என்ன செய்யறார்? கதவுக்கு மேல ஒரு துண்டு லிண்டல், ஜன்னலுக்கு மேல ஒரு துண்டு. நடுவுல வெறும் செங்கல். "ஏன் மேஸ்திரி, சுத்தி பெல்ட் போடக் கூடாதா?"ன்னு கேட்டா, "அதெல்லாம் பூகம்பம் வர்ற ஊருக்கு சார்"னு பதில்.

இந்த 'வர்ற ஊரு' கதைக்கும் ஒரு வார்த்தை. கில்லாரி நாட்டோட பூகம்ப வரைபடத்துல ஆபத்து ரொம்பக் கம்மியான முதல் மண்டலத்துல இருந்த ஊரு. 2002ல வரைபடத்தை திருத்தினப்போ அந்த முதல் மண்டலத்தையே எடுத்துட்டாங்க. சென்னையை ரெண்டுலேருந்து மூணுக்கு ஏத்தினாங்க. கோயம்புத்தூர்ல 1900 பிப்ரவரி 8 அன்னைக்கு 6ஐ ஒட்டின ஒரு பூகம்பம் நடந்திருக்கு. நம்ம பக்கம் இமயமலை கிடையாது, சரி. தினம் பயந்து சாகச் சொல்லலை. ஆனா "வராது"ன்னு யாரும் எழுதிக் கொடுக்கலை.

"பூகம்பம் வந்தா வெளிய ஓடிட்டா போச்சு, கிராமத்துல இடமா இல்லை"ன்னு ஒரு கோஷ்டி. நேபாளத்துல 2015 ஏப்ரல் 25 மத்தியானத்துக்கு முன்னாடி நடந்துச்சு. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு, நிறைய பேர் வயல்ல. அப்படியும் அந்த நாட்டுல ஒம்பதாயிரம் பேர் அளவுக்கு செத்தாங்க. கில்லாரியில விடியக்காலம். எந்த நேரம்னு உங்ககிட்ட கேட்டுட்டா வரும்? எங்க ஆயா மாதிரி நகராம உட்கார்ந்தவங்களை யார் தூக்கிட்டு ஓடறது?

மண் வீட்டு ரசிகர்களுக்கு இன்னொண்ணும் சொல்லணும். ஜனங்க ஆசைப்பட்டு கூரையை விட்டுட்டு வரலை. 2004 ஜூலை 16 கும்பகோணத்துல கூரை பத்திக்கிட்டு 94 குழந்தைங்க போனதைப் பார்த்தாங்க. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல கடலூர், விழுப்புரம் பக்கம் கூரை பறந்து முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சதைப் பார்த்தாங்க. கல்வராயன் மலையில மூங்கில் தப்பையில மண் பூசி புல் கூரை போட்ட குடிசை பூகம்பத்துக்கு லேசான வீடுதான், ஒத்துக்கறேன். ஆனா வருஷா வருஷம் மழையில ஒழுகுறதை யார் தாங்கறது? அந்த மலையில இருக்கிறவங்க காரை வீடு கேட்டா, ஏழாவது மாடியிலேருந்து "ஐயோ பாரம்பரியம் போச்சே"ன்னு அழ நமக்கு என்ன யோக்கியதை?

எங்க வீட்டுல போன வருஷம் நடந்ததையும் சொல்லிடறேன். தம்பிக்கு பழைய மண் சுவரை உயர்த்தி மேல தளம் போட்டு, அதுக்கு மேல ஆயிரம் லிட்டர் தண்ணி டேங்கும் வைக்கணும்னு ஆசை. (தண்ணி மட்டும் ஒரு டன்னுங்க!) மேஸ்திரி "தாங்கும், நான் கேரண்டி"ன்னார். சித்தப்பா "பூகம்பத்துக்கே நின்ன சுவர்"னு ஆரம்பிச்சார். ரெண்டு மாசம் வீட்டுல சரியா பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில அம்மாதான் முடிச்சு வெச்சாங்க. "பேரப்புள்ளைங்க லீவுக்கு வந்து அந்த அறையில படுக்கணும்ல, அதை யோசிங்க." பழைய வீட்டை ஓட்டோட அப்படியே விட்டுட்டு, பரண்ல இருந்த பாரத்தை எல்லாம் இறக்கிட்டு, பக்கத்துல தனியா ஒரு வீடு. பேஸ்மட்டத்துல ஒரு பெல்ட், லிண்டல் மட்டத்துல நாலு சுவருக்கும் சுத்தி ஒரு பெல்ட். ரெண்டு கம்பி, மூணு நாலு அங்குல கனம், மூலையில கம்பியை வெட்டாம வளைச்சு விட்டது. இதுக்கு கூட ஆன செலவு, தம்பி வாசக்கதவுக்கு போட்ட பூவேலையை விடக் கம்மி.

இதைத்தான் கேட்கறேன். அரசாங்கம் குடிசைகளை காங்கிரீட் வீடா மாத்த 2010ல கலைஞர் வீடு வழங்கும் திட்டம் கொண்டு வந்துச்சு. 2024ல கலைஞரின் கனவு இல்லம்னு மூணரை லட்ச ரூபாய், 360 சதுர அடி. நல்ல விஷயம். உங்க ஊர்ல, சொந்தத்துல யாராவது இதுல வீடு கட்டினா, டைல்ஸ் கலரைக் கேட்காதீங்க. "சுத்தி பெல்ட் இருக்கா?"ன்னு கேளுங்க. சொந்தக் காசுல கட்டறவங்களையும் கேளுங்க. திண்ணை படம் போட்டு லைக் வாங்கறதுக்கு முன்னாடி, அந்தத் திண்ணையில இப்பவும் படுக்குற பெருசுங்க தலைக்கு மேல எத்தனை மூட்டை இருக்குன்னு ஒரு தடவை அண்ணாந்து பாருங்க.

டிஸ்கி: மண் வீட்டுக்கு நான் எதிரி இல்லை. அதுக்கும் பட்டா போட வழி இருக்கு, லேசா கூரை போட வழி இருக்கு. அதைப் பத்தி தெரிஞ்ச கொத்தனார், என்ஜினியர் பதிவர்கள் யாராவது இருந்தா எழுதுங்கப்பா. அந்த சென்னை நண்பர் கோவிச்சிக்கிட்டா அடுத்த தடவை உளுந்தூர்பேட்டை டோல்கேட்டைத் தாண்டும்போது வண்டியைத் திருப்பி எங்க வீட்டுக்கு வரட்டும். மல்லாட்டை அவிச்சுத் தர்றேன், சண்டையை நேர்ல வெச்சிக்கலாம் :-)