பலகைக்கு அடியில்

"பலகை உக்கிட்டு, மாத்தித் தாங்க." படுத்துறங்க ஏற்றபடி பழைய வானை மாற்றி வைத்திருப்பவர் மட்டக்களப்புக் கராஜில் வந்து கேட்பது இவ்வளவுதான். கராஜ்காரரும் பழையதைக் கழற்றி, அதே அளவுக்குப் புது பிளைவுட் அறுத்துப் போட்டு, மேலே பளபளக்கும் வினைல் விரித்துக் கொடுத்துவிடுவார். இரண்டு மாரி போனதும் அதே இடம் காலுக்கு மெத்தென்று அமுங்கும்.

குற்றம் பலகையில் மட்டும் இல்லை. வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் கல்லடி, நாவலடிப் பக்கம் உப்பு காற்றோடு வரும். கடற்கரை போய்வந்த கால்களோடும் வரும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கசியும். பலகைக்கும் தகரத்துக்கும் நடுவே சிக்கிய உப்பு அதனால் இலேசில் காயாது. தகரம் கறள் பிடிக்கிறது, மேலே கிடக்கும் மரம் ஈரம் குடிக்கிறது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சணம் அண்டாது. அதற்கு மேலே போய் அங்கேயே நின்றால் உக்கல்தான்.

ஆகவே கழற்றிய பலகையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆணித் துளையைச் சுற்றிக் கறுத்த வளையம் இருந்தால் அதற்கு நேர் கீழே தகரத்தை ஸ்குரூ ட்ரைவரால் தட்டி, அழுத்திப் பார்க்கலாம். நல்ல தகரம் "டங்" என்னும். கெட்டது சத்தமில்லாமல் உள்ளே விடும்.

முதிரைப் பலகை போட்டால் பிரச்சினையே இல்லை என்பார் சிலர். மரம் உறுதிதான், பாரத்தை யார் சுமப்பது? நாலரைச் சதுர மீற்றர் தளத்துக்கு 18 மில்லிமீற்றர் முதிரை போட்டால் 70, 80 கிலோ வரும். 12 மில்லிமீற்றர் பிளைவுட் என்றால் 30 கிலோவைச் சுற்றி. 'மரைன்' என்ற முத்திரையை மட்டும் நம்பியும் பயனில்லை. அதன் பசை கொதிநீருக்கும் விடாது. ஆனால் அறுத்த விளிம்பு வழியே மரம் நீர் குடிக்கும். விளிம்புக்கு எப்பொக்சி பூசாத பலகைக்குக் கூலி கொடுக்கவே கூடாது.

இது வெறும் கராஜ் விவகாரமுமல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய 'டொல்பின்' ஹையேஸ் வான்களையே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். அவற்றுக்கு வருடாந்த வருமான அனுமதிப் பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை வேண்டும். புகையைப் பார்க்கும் நாடு தளத்தையும் பார்த்தால் என்ன? பிரித்தானியாவின் ஆண்டுச் சோதனையில், ஆசனப்பட்டி பூட்டிய இடத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் இரும்பு கறளால் பலமிழந்திருந்தால் வண்டி தேறாது. இங்கோ அந்த இடத்தின் மேல்தான் புது வினைல் விரிக்கிறோம்.

சட்டம் வரும்வரை வேலையைக் காலம் பார்த்தாவது செய்யலாம். வரண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் பலகையைக் கழற்றி, தகரத்தை நல்ல தண்ணீரால் கழுவி, கதவுகளைத் திறந்துபோட்டு நாலைந்து நாள் வெயில் காட்டினால் கறள் சுரண்டவும் பூச்சு பிடிக்கவும் தோதாக இருக்கும். ஐப்பசியில் வானைக் கொண்டுவந்து நாளைக்கே வேண்டும் என்று நிற்பவருக்கு, பலகையைக் கழற்றிக் கொடுத்து வாடை மழை முடிய வரச் சொல்லும் கராஜ்காரரே நல்ல வேலைக்காரர்.