முதுசொம் விற்பனைக்கா?

தமிழ! காரைக்குடிப் பழம்பொருட் கடைகளைப் பார்த்திருப்பாய். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள், செதுக்குக் கதவுகள், சட்டமிட்ட மூதாட்டியர் படங்கள்! யார் வீட்டுப் பாட்டியோ, எவன் வீட்டுச் சுவரிலோ! வாங்குவோன் ‘ஆண்டிக்’ என்கிறான், விற்றவன் ஆண்டி.

அந்தக் கண் கல்லின்மேலும் விழும். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் நடுகற்கள் பல, ஆநிரை மீட்டு மாண்ட மறவன் பெயரை வட்டெழுத்தில் தாங்கி, ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்பவை. ஊரெல்லையில் நின்றால் வரலாறு. செல்வர் கூடத்தில் நிறுத்தினால் அழகுக்கல்!

1972ஆம் ஆண்டுச் சட்டம், நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு விடுப்பதைத் தடுக்கிறது. தடுத்ததா? அரியலூர்ப் பகுதிச் சிறீபுரந்தானின் ஆடல்வல்லான், 2008இல் ஆத்திரேலியக் காட்சியகத்துக்கு விலைபோய், 2014இல் அன்றோ மீண்டான்! செங்கத்துக் கற்களை எண்ணிப் படமெடுத்து ஊர்மன்றத்தில் இன்றே எழுதி வை.