தராசு பார்க்காத கறி

பெல்ஜியத்தில் உள்ள பியெத்ரேன் என்ற சிற்றூரின் பெயரால் ஒரு பன்றி இனம் இருக்கிறது. வெளிர் உடலில் கருந்திட்டுகள், பயில்வானுக்கு இருப்பதைப் போன்ற தொடைகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பியச் சமையலறைகளில் பன்றிக் கொழுப்புக்கு மதிப்பு சரிந்தது. கொழுப்பு குறைந்து கறி மிகுந்த பன்றிக்குக் கூடுதல் விலை கிடைத்தது. அந்த விலைக்கென்றே பிறந்ததுபோல் வந்த பியெத்ரேன் ஜெர்மனி உள்ளிட்ட நாடுகளுக்கும் பரவியது.

கூடவே ஒரு துயரமும் பரவியது. வண்டியில் ஏற்றும்போதும் கூட்டத்தில் இடிபடும்போதும் சில பன்றிகள் கால்கள் விறைத்து, உடல் கொதித்துச் செத்து விழுந்தன. பிழைத்து அறுபட்டவற்றின் கறி வெளிறி, தொளதொளத்து, வைத்த தட்டெல்லாம் நீராகக் கசிந்தது. வளர்ப்பவரின் கவனக்குறைவு என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். 1970களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஹாலோதேன் மயக்க வாயுவைச் சில நிமிடங்கள் குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விறைத்த குட்டிகளைக் கொண்டு இந்தக் குறை பரம்பரையாக வருவது என்று உறுதி செய்ய முடிந்தது. ஆனால் பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையைப் பெற்ற குட்டியைத்தான் அந்தச் சோதனை காட்டிக்கொடுத்தது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றது எளிதில் தப்பிவிட்டது.

1991-இல் டொரான்டோவில் டேவிட் மெக்லெனன் குழுவினர் முடிச்சை அவிழ்த்தார்கள். தசைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் கதவு ஒரு பெரிய புரதம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட அதில் 615-ஆவது இடத்தில் மட்டும் அர்ஜினினுக்குப் பதில் சிஸ்டீன். அவ்வளவுதான் பிழை. கதவு சரியாக மூடாது, கால்சியம் கசியும், தசை ஓயாமல் இறுகும். அந்தப் பன்றியை அறுத்தபின் என்ன நடக்கிறது? சேமித்த கிளைக்கோஜன் வேகமாக லாக்டிக் அமிலமாகிறது. உடல் இன்னும் சூடாக இருக்கும்போதே அமிலம் ஏறிவிடுவதால் புரதங்கள் கெட்டு, நீரைப் பிடித்துவைக்கும் திறனை இழக்கின்றன. ஆய்வு செய்த ஐந்து இனங்களிலும் பிழை ஒன்றே. அப்படியானால், ஏதோ ஒரு மூதாதைப் பன்றியிடமிருந்து அது கிளைத்திருக்க வேண்டும்.

அந்தப் பிழை இத்தனை இனங்களில் தங்கியதற்குக் காரணம் இருக்கிறது. ஓயாமல் இறுகும் தசை பெருகவும் செய்யும், கொழுப்பைக் குறைக்கவும் செய்யும். விலை கொடுத்தவர் தராசைப் பார்த்தார். தட்டில் கசிந்த நீர் அவர் கணக்கில் வரவில்லை. வளர்ப்பவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதற்குக் காசு கிடைத்ததோ, அதையே அவர் வளர்த்தார்.

இதில் மனிதர்களுக்கும் ஒரு கடன் இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்ததும் உடல் அபாயமாகச் சூடேறும் நோயை 1960-இல் மெல்பர்ன் மருத்துவர்கள் விவரித்தார்கள். பன்றிக்கு வருவதும் அதே வகை நோய். அதற்கு இன்றும் கைகொடுக்கும் டான்ட்ரோலின் மருந்து 1975-இல் தென்னாப்பிரிக்காவில் பன்றிகளிடம்தான் முதலில் பலன் காட்டியது. இதைப் படித்த நாளிலிருந்து, 'மந்தமான பிராணி' என்று யாரேனும் பன்றியைச் சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கறியைக் கூட்டும் மரபணுவெல்லாம் கறியைக் கெடுப்பதில்லை. தந்தை வழியில் வந்த பிரதி மட்டுமே வேலை செய்யும் ஐஜிஎஃப்2 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் தசை கூடி, முதுகுக் கொழுப்பு குறைகிறது. 2003-இல் வெளியான இந்த மாற்றத்துக்கும் இறைச்சியைக் கெடுக்கும் கதவுப் பிழைக்கும் தொடர்பில்லை. ஹாம்ப்ஷயர் இனத்திலோ வேறு தொல்லை. பிஆர்கேஏஜி3 மரபணு மாற்றத்தால் தசையில் கிளைக்கோஜன் மிகுந்து, கறி அமிலமாகிறது. பதப்படுத்திச் சமைத்த ஹாம் எடை இழக்கிறது.

ஒரு துளி ரத்தத்தில் டிஎன்ஏ பார்த்து ஹாலோதேன் பிழையை இனத்திலிருந்தே நீக்கலாம் என்ற நிலை 1991-இலேயே வந்துவிட்டது. பலர் நீக்கினார்கள். லீஜ் பல்கலைக்கழகம் லார்ஜ் ஒயிட் இனத்திலிருந்து சரியான பிரதியைப் பியெத்ரேனுக்குள் கொண்டுவந்து, தொடையும் சதையும் குறையாமல் காத்தது. வேறு சிலரோ பிழையுள்ள ஆண் பன்றியைச் சீரான பெட்டையோடு சேர்த்து, ஒற்றைப் பிரதி தாங்கிய குட்டிகளை வேண்டுமென்றே விற்றார்கள். அவற்றின் இறைச்சித் தரம் பிழையுள்ளவற்றுக்கும் பிழையில்லாதவற்றுக்கும் நடுவே நின்றது. ஆனால் தராசில் லாபம்.

ஆகவே, கறியின் அமில அளவையும் கசிவையும் விலையில் சேர்க்க வேண்டும் என்பதே என் வாதம். அறுத்து 45 நிமிடத்தில் ஓர் ஊசி முனைக் கருவியால் பார்க்கக் கூடியதுதான். ஆனாலும் ஐரோப்பியச் சந்தையில் அறுத்த பன்றியின் உடல்மீது குத்தப்படும் எஸ், இ, யு, ஆர், ஓ, பி எழுத்துகள் கொழுப்பற்ற கறியின் விழுக்காட்டை மட்டுமே சொல்கின்றன. அறுபது விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் எஸ். வெளிறிய கறிக்கும் அதே எஸ்.