43 பேரைக் கேட்டு திண்டிவனத்தைச் சொல்ல முடியுமா?

தேர்தல் வந்தால் போதும், டிவியில் பெட்டி பெட்டியாகப் போட ஆரம்பித்துவிடுவார்கள். இந்தக் கூட்டணிக்கு இத்தனை சீட், அந்தக் கூட்டணிக்கு இத்தனை சீட். விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு "அவ்ளோதான், முடிஞ்சுபோச்சு" என்று தீர்ப்பே சொல்லிவிடுவார். நம்ம கிளாஸிலும் அதே கதைதான். "எப்படியும் அவங்கதான் வரப்போறாங்க. ஒரு ஓட்டுக்காக ஊருக்குப் போகணுமா மச்சி?"

போகணும் மச்சி. ஏன்னு சொல்றேன்.

2016 சட்டமன்றத் தேர்தல் ஞாபகம் இருக்கா? மே 16 அன்று ஓட்டுப்பதிவு முடிந்ததும் ஆக்சிஸ் மை இந்தியா, திமுக கூட்டணிக்கு 124 முதல் 140 சீட் என்றது. சி-வோட்டர், அதிமுகவுக்கு 139 என்றது. ஒரே மாநிலம், ஒரே நாள், நேர் எதிர் பதில்! ஜெயித்தது அதிமுக, 134 சீட்.

"அப்போ சி-வோட்டரை நம்பலாமே?" அவசரப்படாதீங்க. 2024 மக்களவைத் தேர்தலில் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு சி-வோட்டர் சொன்னது 353 முதல் 383. ஆக்சிஸ் சொன்னது 361 முதல் 401. கிடைத்தது 293. போன செமஸ்டரில் பாஸ் ஆனவன் இந்த செமஸ்டரிலும் பாஸ் ஆவான் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இதில் கணக்கு ரொம்ப சிம்பிள். 1000 பேரைச் சரியாகப் பொறுக்கியெடுத்துக் கேட்டாலே 3 சதவீதம் மேலே கீழே போகும். 2016-ல் இரண்டு அணிக்கும் இடையே இருந்த வித்தியாசமோ சுமார் 1 சதவீதம்தான். அப்படியென்றால் நேர்மையான பதில் "இழுபறி" மட்டுமே. ஆனால் இழுபறி என்று சொன்னால் யார் டிவி பார்ப்பார்கள்? அதனால் ஓட்டு சதவீதத்தை சீட்டாக மாற்றிக் காட்டுகிறார்கள். தவறு அங்கேதான் பெரிதாகிறது. 10,000 பேரைக் கேட்டால்கூட 234 தொகுதிக்குப் பிரித்தால் தொகுதிக்கு 43 பேர்தான் வருவார்கள்.

அதிகம் பேரைக் கேட்டால் சரியாகிவிடுமா? 1936 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. லாண்டன் ஜெயிப்பார் என்றது. ஆனால் 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளினார். போனும் காரும் வைத்திருந்தவர்கள் பட்டியலைப் பார்த்துக் கேட்டால் ஏழையின் ஓட்டு எப்படித் தெரியும்? அதைவிடக் குறைவான பேரைக் கேட்ட காலப் சரியாகச் சொன்னார்.

கருத்துக்கணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாரை, எத்தனை பேரை, எப்போது, எப்படிக் கேட்டீர்கள், பிழை எவ்வளவு, காசு கொடுத்தது யார் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அது கிளி ஜோசியம். எக்ஸிட் போலாவது ஓட்டுப் போட்ட பிறகு வருகிறது. முன்கூட்டியே வரும் கணிப்புதான் கையில் இருக்கிற ஓட்டை வீணாக்குகிறது.

கடைசியா ஒன்று. அதே 2016-ல் திண்டிவனம் தொகுதியில் திமுக ஜெயித்தது. வித்தியாசம் 101 ஓட்டு. ரெண்டு பஸ் கூட்டம்! அந்த ரெண்டு பஸ்ஸை எந்த சர்வேயும் பார்த்திருக்க முடியாது.

அதில் ஒரு சீட் உன்னோடது. ஊருக்குப் போ மச்சி.