எந்த ஆண்டு அலி? எந்த ஆண்டு டைசன்?



நம்ம ஊர்ப் பிள்ளைகளிடையே ஒரு விவாதம் ஓயாமல் ஓடுகிறது. முஹம்மத் அலியும் மைக் டைசனும் மோதினால் யார் வெல்வார்? பாடசாலை இடைவேளையில், தேநீர்க் கடையில், வாட்ஸ்அப் குழுக்களில் என்று எங்கும் இதே கதைதான். 2024 நவம்பரில் 58 வயது டைசன், 27 வயது ஜேக் போலுடன் மோதியதைக் கைபேசியில் பார்த்த பிள்ளைகளுக்கு, டைசன் என்றால் அந்தக் களைத்துப்போன மனிதர்தான். இன்னொரு கூட்டம் யூடியூபில் ஒரு நிமிடத் துண்டுகளை மட்டும் பார்த்துவிட்டு, டைசன் ஒரு அடி அடித்தால் அலி எழும்பவே மாட்டார் என்று சத்தியம் பண்ணுகிறது. மூத்தவர்கள் அநேகமாக எல்லோரும் அலி பக்கம். ஏன் என்று கேட்டால், "அவர் நம்மட ஆள்" என்கிறார்கள்.

அந்தக் கடைசிக் காரணம்தான் நமக்குச் சரிவரவில்லை. நம்மட ஆள் என்று பார்த்தால் டைசனும் கலிமா சொன்னவர்தான். 1995இல் சிறையிலிருந்து வெளியே வந்த அன்று அவர் நேரே போனது இந்தியானா மாநிலத்திலுள்ள ஒரு பள்ளிவாசலுக்கு. அங்கே அவரோடு தொழுதவர்களில் அலியும் ஒருவர். (ஒரு பெண்ணை வல்லுறவுக்கு உட்படுத்திய குற்றத்துக்காகவே அவர் சிறை சென்றார் என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்கத் தேவையில்லை.) சொந்தக்காரன் என்று பார்க்காமல் நீதியாகச் சாட்சி சொல்லச் சொன்ன மார்க்கம் நம்முடையது. விளையாட்டைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் அதை ஒதுக்கி வைக்க முடியாது.

குத்துச்சண்டையே கூடுமா என்று சிலர் கேட்பீர்கள். முகத்தில் அடிப்பதைத் தடுத்த ஹதீஸ் நமக்கும் தெரியும். அதை உலமாக்கள் விளக்கட்டும். இங்கே நாம் கதைப்பது நடந்து முடிந்த சண்டைகளையும், நடக்கவே முடியாத ஒரு சண்டையையும் பற்றி. நடக்காத சண்டையில் யாருக்கும் காயமில்லை.

முதலில் பிள்ளைகள் பாவிக்கும் ஒரு கணக்கைப் பார்ப்போம். லாரி ஹோம்ஸ் அலியை அடித்தார், டைசன் ஹோம்ஸை அடித்தார், ஆகவே டைசன் அலியை அடிப்பார். கேட்கக் கணிதம் மாதிரி இருக்கிறது. ஆனால் 1980 ஒக்டோபரில் ஹோம்ஸிடம் அடி வாங்கிய அலிக்கு வயது 38. 1988 ஜனவரியில் டைசனிடம் நான்காம் சுற்றில் விழுந்த ஹோம்ஸுக்கும் வயது 38. இரண்டு முதியவர்கள் இரண்டு இளைஞர்களிடம் தோற்றார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ட்ரெவர் பேர்பிக் கதையும் அப்படித்தான். 39 வயது அலியை 1981இல் புள்ளிகளில் வென்ற அதே பேர்பிக்கை, 20 வயது டைசன் 1986இல் இரண்டாம் சுற்றிலேயே வீழ்த்தி, மிக இளைய ஹெவிவெயிட் சம்பியன் ஆனார்.

அந்தக் கணக்கு எவ்வளவு பிழை என்பதற்கு 1970களே போதும். 1971இல் ஜோ பிரேசியர் அலியை வென்றார். 1973 ஜனவரியில் ஜமெய்க்காவில் ஜோர்ஜ் போர்மன் பிரேசியரை இரண்டு சுற்றுகளுக்குள் ஆறு தடவை தரையில் வீழ்த்தினார். அப்படியென்றால் போர்மன் அலியைத் துவம்சம் பண்ணியிருக்க வேண்டும். 1974 ஒக்டோபர் 30இல் கின்ஷாசாவில் எட்டாம் சுற்றில் விழுந்தது போர்மன். ஒருவருடைய பாணி மற்றவருடைய பாணிக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதுதான் குத்துச்சண்டை. வெற்றி தோல்விப் பட்டியலைக் கூட்டிக் கழித்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

கணினியிடம் கேட்டாலும் முடியாது. அதையும் ஒருமுறை செய்து பார்த்தார்கள். 1969இல் அலியும், தோல்வியே காணாமல் 49 சண்டைகளோடு ஓய்வு பெற்ற ரொக்கி மார்சியானோவும் மயாமியில் கமராவுக்கு முன்னால் ஒரு நிமிடச் சுற்றுகளாக எழுபதுக்கு மேல் மோதினார்கள். அலிக்கு அப்போது சண்டையிடத் தடை. மார்சியானோவுக்கு வயது 45; உடம்பை இளைக்க வைத்து, வழுக்கையை மறைக்கப் பொய்முடி வைத்துக்கொண்டு வந்தார். பல முடிவுகளைப் படமாக்கி வைத்துக்கொண்டு, கணினி எதைச் சொல்கிறதோ அதைக் காட்டுவதாக அறிவித்தார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் மார்சியானோ 13ஆம் சுற்றில் நொக் அவுட் பண்ணினார். ஐரோப்பாவில் காட்டியதில் அலி வென்றார்! கடலைத் தாண்டும்போது கணினியின் புத்தி மாறிவிட்டது போலும். மார்சியானோ இதில் எதையும் பார்க்கவில்லை. படப்பிடிப்பு முடிந்து சில வாரங்களில், 1969 ஓகஸ்ட் 31இல், சிறு விமானமொன்று விழுந்து அவர் இறந்துபோனார்.

இன்று செயற்கை நுண்ணறிவு செய்த காணொளி ஒன்றைக் காட்டி "பாருங்க சேர், டைசன்தான் வெல்றார்" என்று ஒரு மாணவன் நீட்டும்போது நமக்கு ஞாபகம் வருவது அந்தப் படம்தான்.

ஆகவே முதல் கேள்வி: எந்த ஆண்டு அலி? நம் பதில், 1966 மார்ச் முதல் 1967 மார்ச் வரையான அலி. அந்த ஒரு வருடத்துக்குள் ஏழு தடவை பட்டத்தைக் காத்தார். இப்போதைய சம்பியன்கள் ஏழு சண்டைக்கு மூன்று நான்கு வருடம் எடுப்பார்கள். 1966 நவம்பர் 14இல் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றாம் சுற்றில் முடித்த சண்டையைப் பலர் அலியின் உச்சம் என்பார்கள். அந்தக் காலும் கையும் அவ்வளவு பெரிய உடம்பில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. ஆனால் சாட்சியை முழுதாகச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்பு பொலிஸ்காரர் ஒருவர் சுட்டதில் வில்லியம்ஸ் ஒரு சிறுநீரகத்தை இழந்திருந்தார். அன்று றிங்கில் நின்றது பழைய வில்லியம்ஸ் அல்ல.

1967 மார்ச் 22இல் சோரா பொலியை வென்ற பிறகு அலி வியட்நாம் போருக்குப் போக மறுத்தார். பட்டத்தைப் பறித்தார்கள், உரிமத்தைப் பறித்தார்கள், ஐந்து வருடச் சிறைத் தண்டனையும் விதித்தார்கள். மேன்முறையீட்டில் இருந்ததால் சிறைக்குள் போகவில்லை. 1971இல் உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்துச் செய்தது. ஆனால் மறுபடி அவர் றிங் ஏறியது 1970 ஒக்டோபர் 26இல்தான். மூன்று வருடம் ஏழு மாதம். 25 வயதிலிருந்து 28 வயது வரை. ஒரு குத்துச்சண்டை வீரனின் உடம்பு முழுதாக முற்றும் காலம் அது. அலியின் ஆகச் சிறந்த ஆண்டுகளை யாரும் பார்க்கவில்லை, அலி உட்பட. திரும்பி வந்தவர் வேறு ஆள். கால் கனத்துவிட்டது. முன்பு விலகிய அடிகளைத் தாங்கிக்கொள்ளப் பழகினார். அதைத்தான் உலகம் வீரம் என்று கைதட்டியது. அந்த வீரத்துக்கு உடம்பு கொடுத்த விலையை 1984இல் வைத்தியர்கள் பார்கின்சன் என்று பெயர் சொன்னபோதுதான் பலர் யோசித்தார்கள்.

டைசனுக்கு ஆண்டு தெரிவதில் சிக்கல் இல்லை. 1988 ஜூன் 27. மைக்கல் ஸ்பிங்ஸ் 91 செக்கனில் முடிந்தார். கஸ் டமாட்டோ வளர்த்த பிள்ளை, அவரது சீடர் கெவின் ரூனி மூலையில் நின்ற கடைசிச் சண்டை. அதன் பிறகு ரூனியை விலக்கினார். தலையை அசைத்து அசைத்து உள்ளே புகும் அந்தப் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் விழுந்தது அந்த டைசன் அல்ல என்று அவரது விசிறிகள் சொல்வதில் நியாயம் உண்டு. 1980 அலியைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கேட்கும் நாம், 1990 டைசனை வைத்து வாதாட முடியாது.

இப்போது இரண்டு பேரையும் நிறுத்திப் பார்ப்போம். எடையில் டைசன் பெரியவர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 1966 அலி 212 இறாத்தல், 1988 டைசன் 218 இறாத்தல். வித்தியாசம் ஒரு பூசணிக்காய் அளவு. உயரத்தில்தான் இடைவெளி: அலி 6 அடி 3 அங்குலம், டைசன் 5 அடி 10. கை நீட்டில் அலிக்கு ஏழு அங்குலம் கூட.

குட்டையான, குனிந்து வரும், இடது ஹுக்கை வைத்திருக்கும் ஒருவரோடு அலி எப்படிச் சண்டையிடுவார் என்று ஊகிக்கவே தேவையில்லை. பிரேசியரோடு மூன்று சண்டைகள், 15, 12, 14 என்று 41 சுற்றுகள் பதிவில் இருக்கின்றன. டைசன் – அலி கேள்விக்கு நம்மிடம் உள்ள ஒரே உண்மையான சாட்சி பிரேசியர். ஆனால் நம்ம ஆட்கள் அவரை அலியின் கதையில் வரும் வில்லனாக மட்டும் வைத்திருக்கிறார்கள். தடைக் காலத்தில் அலிக்குப் பணம் கொடுத்து உதவியவர் அவர். அதே மனிதரை அலி மனிதக் குரங்கு என்றும், வெள்ளையரின் அடிமை என்றும் ஊர் பார்க்கக் கேலி பண்ணினார். பல வருடம் கழித்து அலி வருத்தம் தெரிவித்தார். பிரேசியருக்கு அந்தக் காயம் இலேசில் ஆறவில்லை. அலியை நேசிப்பவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்த 41 சுற்றுகள் சொல்வது என்ன? அலிக்கு இடது ஹுக் ஆகாது. கையைத் தாழ்த்தி வைத்து, தலையை நேர் பின்னால் இழுப்பது அவர் பழக்கம். 1963இல் ஹென்றி கூப்பர் அந்த ஹுக்கால்தான் அவரை வீழ்த்தினார். 1971இல் 15ஆம் சுற்றில் பிரேசியரும் அதனால்தான். டைசனின் இடது ஹுக் பிரேசியருடையதை விட வேகம், வலது கையிலும் வெடி இருக்கிறது. பிரேசியர் சூடேற இரண்டு மூன்று சுற்று எடுப்பார். டைசன் மணி அடித்தவுடன் வருவார். ஆகவே முதல் நான்கு சுற்றுகளில் அலி ஒரு தடவையாவது தரையில் இருப்பார் என்பது நம் கருத்து. "அலியைத் தொடக்கூட முடியாது" என்ற மூத்தவர்கள் இந்த இடத்தில் நம்மோடு கோபிக்கலாம்.

ஆனால் கூப்பர் வீழ்த்திய அலி அடுத்த சுற்றிலேயே சண்டையை முடித்தார். பிரேசியர் வீழ்த்திய அலி உடனே எழும்பினார். விழுந்து எழும்பத் தெரிந்தவர். ஐந்தாம் சுற்றுக்குப் பிறகு டைசனின் சண்டைகளைப் பாருங்கள். 1987இல் போன்கிரஷர் ஸ்மித் பன்னிரண்டு சுற்றும் கட்டிப் பிடித்துக்கொண்டே நின்றார்; டைசனால் ஒன்றும் பண்ண முடியவில்லை. டோனி டக்கரும் பன்னிரண்டு சுற்று நின்றார். பிரேசியர் நேரம் போகப் போகக் கூடுவார், டைசன் குறைவார். கழுத்தில் கை போட்டு அமுக்கிப் பிடிப்பதில் அலி கெட்டிக்காரர். அது சட்டத்துக்குப் புறம்புதான், ஆனால் மத்தியஸ்தர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பிடித்துக்கொண்டு காதுக்குள் கதைப்பார் வேறு. டைசனின் கோபம் எவ்வளவு நேரம் பொறுக்கும்?

அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை: எத்தனை சுற்று? அலியின் காலத்தில் பட்டச் சண்டை 15 சுற்று. 1982இல் கொரிய வீரர் கிம் டுக் கூ அடிபட்டு இறந்த பிறகுதான் 12 ஆகக் குறைக்கத் தொடங்கினார்கள். டைசன் பதின்மூன்றாம் சுற்று என்ற ஒன்றைக் கண்டதே இல்லை. 12 என்றால் 1966 அலி புள்ளிகளில், அதுவும் நெருக்கமாக. 15 என்றால் பதினொன்றுக்கும் பதினான்குக்கும் இடையில் மத்தியஸ்தர் டைசனைக் காப்பாற்ற நேரிடும். அதே டைசனை 1975 மணிலா அலியோடு விட்டால், நாம் டைசன் பக்கம். மணிலாவில் அலி வாங்கிய அடிகளை டைசன் கையால் வாங்கியிருந்தால் ஆறாம் சுற்றைக் கண்டிருக்க மாட்டார்.

ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்க இதே கேள்வி வந்தது. டைசன் அலிக்கு முன்னால் தலை குனிய வேண்டும் என்றார். அலியும் விட்டுக்கொடுத்தார், இவர் அடி பட்டால் என்ன ஆகும் என்ற பாவனையில். நம்ம வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறவர்களை விட அவர்கள் இருவருக்கும் கோபம் குறைவு.

இப்போதைய ராட்சதர்களிடம் பழையவர்கள் நிற்க முடியுமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: மார்சியானோ 190 இறாத்தலுக்கும் குறைவு. இன்றைய விதிப்படி 200 வரை குரூசர்வெயிட். அவரை ஹெவிவெயிட் ஆகவே எடுக்க மாட்டார்கள். அங்கே பாரம் உண்மையிலேயே பிரச்சினை. ஆனால் அலியின் அதே உயரமுள்ள ஒலெக்சாண்டர் உசிக், 6 அடி 9 அங்குல டைசன் பியூரியை 2024இல் ரியாத்தில் இரண்டு தடவை வென்றார். காலும் கண்ணும் வேலை செய்தால் இன்றும் அது நடக்கும்.

போர்மனையும் டைசனையும் மோதவிட்டால் என்று ஒன்பதாம் தரப் பிள்ளை ஒருவன் கேட்டிருக்கிறான். அதில் நாம் போர்மன் பக்கம். சண்டைக்கு வருமுன் 1973 ஜமெய்க்காக் காணொளியை முழுதாகப் பார்த்துவிட்டு வாருங்கள், கதைப்போம்.