கோணேசர் மலைக்குப் போகிறவர்கள் எங்கே தங்குவது?

ஓகஸ்ட் லீவு நெருங்கினால் உடப்புசல்லாவை, ராகலைப் பக்கத்து மலையகத் தேயிலைத் தோட்டங்களில் டிரிப் பேச்சு கிளம்பிவிடும். ராகலை வரை ஒரு காலத்தில் ஓடிய சின்ன ரயில் 1940களிலேயே நின்றுபோனது; ஆகவே வாடகை பஸ்தான் கதி. ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, அரிசி மூட்டையும் அண்டாவும் ஏற்றி, இரவோடு இரவாகக் கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகக் கோணேசர் கோயிலுள்ள திருகோணமலைக்கு இறங்குவார்கள். பஸ் வாடகையை நாலு இடத்தில் விசாரிக்கிறவர்கள், தங்கும் இடத்தை மட்டும் "அங்க போயி பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். கையிலுள்ள காசு கரைவது அந்த இடத்தில்தான்.

திருகோணமலையில் அறை தேடினால் முதலில் கண்ணில் படுவது ஊர் அல்ல, கடற்கரை. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களின் நீச்சல்குளப் படங்கள்தான் முன்னால் வந்து நிற்கும். உப்புவெளி நகரத்துக்குப் பக்கம். நிலாவெளியோ ஏறத்தாழ 15 கிலோமீற்றர் வடக்கே. இரண்டுமே அழகான இடங்கள், மறுப்பதற்கில்லை. புறாத்தீவுக்குப் படகில் போய்ப் பவளப்பாறை பார்க்க விரும்புகிறவருக்கு நிலாவெளியை விட்டால் வேறு இடமில்லை. ஆனால் கோணேசரைக் கும்பிட்டு, பத்திரகாளி அம்மனைப் பார்த்து, துறைமுகத்தையும் கோட்டையையும் பிள்ளைகளுக்குக் காட்ட வந்தவர்கள் அங்கே தங்கினால், ஒவ்வொரு தடவையும் பஸ்ஸைக் கிளப்ப வேண்டும், டீசல் ஊற்ற வேண்டும்.

இந்த நகரத்தின் பழைமை எல்லாம் நடக்கிற தூரத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினார்கள். பிறகு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிய அந்தக் கோட்டைக்கு 1803இல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் விழுந்தது. மலை உச்சியில் இப்போதுள்ள கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963இல். விடியற்காலையில் கோட்டை வாசலைத் தாண்டி நடந்தால், வழியில் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். பூசைத் தட்டில் வாழைப்பழம் இருந்தால் கூச்சமே இல்லாமல் மூக்கை நீட்டும். வெயில் ஏறுவதற்குள் மேலே போய், இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவின் ஓரத்தில் நின்று கீழே கடலைப் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். குளிரில் வளர்ந்த தோட்டத்துக் கிழவிகளுக்குப் பத்து மணி வெயிலில் அந்த ஏற்றம் லேசுப்பட்டதல்ல. நகரத்துக்குள் தங்கியவருக்குத்தான் அந்த விடியற்காலை வாய்க்கும்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. கிழக்குக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை குளம்போலக் கிடக்கும். வடகீழ்ப் பருவக்காற்று வந்துவிட்டால் அதே கடல் சீறும். நவம்பரிலும் டிசம்பரிலும் மழை கொட்டும். டிசம்பர் லீவில் போகும் குடும்பம் கடலைப் பார்த்த அறைக்குக் கூடுதல் காசு கொடுத்து, சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பது வீண் செலவு. அந்த மாதங்களில் நகரமே சரி. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கும் அங்கிருந்து போய்வருவது சுலபம்.

காசுக் கணக்கைப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. 1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடிய தோட்டத் தொழிலாளிக்கு அது 2021இல்தான் கிடைத்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயானது. டொலரில் விலை போடும் கடற்கரை அறையில் ஓர் இரவு படுக்க, எத்தனை நாள் கொழுந்து பறிக்க வேண்டும்? அதனால்தான் தெரிந்த ஆசிரியரைப் பிடித்துப் பாடசாலை வகுப்பறை, கோயில்காரரைக் கேட்டு மண்டபம் என்று ஏற்பாடு நடக்கிறது. ஐம்பது பேருக்கு இரண்டு கழிப்பறை, பெண்கள் உடை மாற்ற மறைவில்லை, சாரதி பஸ்ஸுக்குள்ளேயே தூங்குகிறார். இரவெல்லாம் வளைவு வளைவாக ஓட்டிவந்தவர் நன்றாகத் தூங்காவிட்டால், திரும்பும் வழியில் ஆபத்து பஸ்ஸிலுள்ள அத்தனை பேருக்கும்தான்.

தங்குமிடமெல்லாம் காசுக்காரருக்கே என்றானால் என்ன ஆகும் என்பதற்குக் காலிக் கோட்டையைப் பாருங்கள். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த அந்தக் கோட்டைக்குள் பழைய ஒல்லாந்தர் வீடுகள் ஒவ்வொன்றாக விலைபோய், சொகுசு விடுதிகளாகிவிட்டன. நியூ ஓரியண்டல் ஹோட்டலாக இருந்த கட்டடம் இன்று அமன்கல்ல என்ற சொகுசு ஹோட்டல். கட்டடங்கள் பிழைத்தன என்பது உண்மை, நல்லதுதான். உள்ளூர்க்காரரோ மதில்மேல் நடந்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, பொழுது சாய்ந்ததும் வெளியேறுகிறார். திருகோணமலையில் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் அதே கதை அங்கே நடக்கவில்லை. ஆனால் சுற்றுலா என்றாலே வெளிநாட்டவர் என்று எண்ணும் கண்ணோட்டம் அங்கேயும் மாறவில்லை.

டிரிப் ஏற்பாடு செய்கிறவர்கள் முன்பணம் கட்டுமுன் அறையின் படத்தைப் பார்ப்பதைவிட, பஸ் நிறுத்த இடம் உண்டா, சமைக்க விடுவார்களா, சாரதிக்குப் படுக்கை உண்டா, கோயிலுக்கு நடந்து போகலாமா என்று கேட்பது நல்லது. மற்றது அதிகாரிகளின் வேலை. கதிர்காமத்துக்குப் போனால் யாத்திரிகர் விடுதி தேடிப் பழகியவர்கள் மலையகத்தார். அதேபோல, சமையற்கூடமும் போதிய கழிப்பறைகளும் பஸ் தரிப்பிடமும் உள்ள குறைந்த வாடகை விடுதி ஒன்றைத் திருகோணமலை நகரத்துக்குள் கிழக்கு மாகாண நிர்வாகம் கட்டித்தர வேண்டும். வாடகையை ரூபாயில் எழுதி வாசலில் தொங்கவிட வேண்டும்.