பேசத் தடையில்லையாம், பேச்சைச் சுமக்கும் கம்பிக்குத்தான் தடையாம்!

ஒரு நாட்டின் மீது பொருளாதாரத் தடை என்றதும் எண்ணெய்க் கப்பலும் மருந்துப் பெட்டியும்தான் நம் கண்முன் நிற்கும். தொலைபேசி நினைவுக்கு வராது. ஆனால் ஒரு மக்களின் குரல்வளையையே நெரிக்கும் வலிமை இந்தத் தடைகளுக்கு உண்டு. வணிகர்களும் இளைஞர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்கா விதிக்கும் பெரும்பாலான தடைகளுக்கு அடிப்படை, 1977இல் இயற்றப்பட்ட அவசரநிலைப் பொருளாதார அதிகாரச் சட்டம். அஞ்சல், தந்தி, தொலைபேசி போன்ற தனிமனிதத் தொடர்புகளைத் தடுக்க அதிபருக்கு அதிகாரம் இல்லை என்கிறது அச்சட்டம். கேட்க எவ்வளவு இனிமை! ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: அந்தத் தொடர்பில் மதிப்புள்ள எதுவும் கைமாறக் கூடாது.

கைமாறாமல் எப்படி? வெளிநாட்டு அழைப்பை இரு முனைகளிலும் உள்ள கம்பெனிகள் சேர்ந்துதான் கொண்டுசேர்க்கின்றன. அழைப்பை அனுப்பும் கம்பெனி, அதை வாங்கிச் சேர்ப்பிக்கும் கம்பெனிக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். அந்தக் காசில்தான் தடைச் சட்டம் கை வைக்கிறது. வாஷிங்டன் கருவூலத் துறை அனுமதி தந்தால் மணி அடிக்கும்; தராவிட்டால் அடிக்காது.

இதன் கொடுமையைச் சோமாலியா மக்களிடம் கேளுங்கள். 1991இல் அரசு வீழ்ந்த பிறகு பல ஆண்டுகள் அங்கே முறையான வங்கி இருக்கவில்லை. வெளிநாட்டில் உழைப்பவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பவும், வீட்டாரோடு பேசவும் பெரிதும் கைகொடுத்தது அல்-பரகாத் என்ற நிறுவனம். 2001 நவம்பர் 7 அன்று, பயங்கரவாதத்துக்கு நிதி தருகிறது என்று குற்றம் சாட்டி அதன் சொத்துக்களை முடக்கினார் அதிபர் புஷ். அதே மாதத்தில், பிரிட்டிஷ் டெலிகாமும் ஏ.டி. அண்ட் டி.யும் கூட்டாக நடத்திய சர்வதேச இணைப்பு துண்டிக்கப்பட்டது. தடைப்பட்டியலில் ஏறிய சோமாலியா இன்டர்நெட் கம்பெனியும் மூடப்பட்டது. மிச்சமிருந்த தொலைபேசிக் கம்பெனிகள் கூட்டத்தைத் தாங்க முடியாமல் திணறின.

விசாரணை முடிந்தா இந்தத் தண்டனை? இல்லை! தண்டனைக்குப் பிறகுதான் விசாரணை. செப்டம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த அமெரிக்க ஆணையத்தின் அலுவலர்களே 2004இல் எழுதிய அறிக்கை, அல்-பரகாத் பயங்கரவாதத்துக்கு நிதி தந்ததற்கு நேரடி ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. ஸ்வீடனில் இருந்த அல்-பரகாத் அறக்கட்டளை தொடுத்த வழக்கில், தன் தரப்பைச் சொல்ல அதற்கு வாய்ப்புத் தரப்படவில்லை என்று கூறி, ஐரோப்பிய நீதிமன்றம் 2008 செப்டம்பர் 3 அன்று அதன் மீதான ஐரோப்பிய முடக்கத்தை ரத்துச் செய்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இழந்ததை யார் திருப்பித் தருவது?

ஈரான் விஷயத்தில் வேறொரு வேடிக்கை. அஞ்சலுக்கும் தொலைபேசிக்கும் விதியில் பொது அனுமதி உண்டு. இலவச மின்னஞ்சல், உரையாடல் சேவைகளுக்கு 2010இலும், கைப்பேசி போன்ற கருவிகளுக்கு 2013இலும் கதவு திறந்தது. ஈரானில் போராட்டம் வெடித்த 2022 செப்டம்பரில் அது இன்னும் அகலத் திறந்தது. ஆக, அரசியல் தேவை வந்தால் விதி ஒரே நாளில் இளகும்! இன்னொரு பக்கம், அபராதத்துக்கு அஞ்சும் கம்பெனிகள் விதி கேட்பதற்கும் மேலாகக் கதவடைக்கின்றன. 2018 டிசம்பரில் ஸ்லாக் நிறுவனம், ஈரானுக்கு வெறுமனே போய்வந்தவர்களின் கணக்குகளைக்கூட மூடிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டது.

வன்முறைக்குப் போகும் பணத்தைத் தடுக்க எந்த அரசுக்கும் உரிமை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் மீது சந்தேகம் என்றால், அதை நம்பியிருக்கும் லட்சக்கணக்கான ஏழைகளின் இணைப்பை ஏன் அறுக்க வேண்டும்? மாற்று இணைப்பு தயாராகும்வரை, நீதிமன்றக் கண்காணிப்பில் அது இயங்கினால் என்ன குறை?

தொலைபேசி இணைப்பு இன்று ஆடம்பரம் அல்ல. குடிநீரைப் போல் அவசியம். தடை விதிப்பவர்கள் அதைத் தொடக்கூடாது. தொட்டே ஆக வேண்டும் என்றால் விசாரணை முதலில், தண்டனை பிறகு. கடல் கடந்து வணிகம் செய்யும் ஒவ்வொருவரும் இந்தக் கோரிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும். இன்று சோமாலியா வணிகனுக்கு நேர்ந்தது நாளை எந்த ஊர் வணிகனுக்கும் நேரலாம்.